முதுமலைக் காட்டில் மனைவியை விட்டுவிட்டேன்

1973 கோடையில் நானும் மனைவியும் திருவள்ளூரிலிருந்து சுற்றுலா பஸ்ஸில் முதுமலைக்குப் போனோம். பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். காட்டில் ஒரு பாலத்தருகே சற்று நேரம் இறங்க விட்டார்கள். இருட்டுவதற்குள் யானையைப் பார்த்துவிட வேண்டுமென்று எனக்கு ஒரே பரபரப்பு. “எல்லாரும் ஏறியாச்சா?” என்று வழிகாட்டி கேட்டதும், முன்பக்கம் எட்டிக்கூடப் பாராமல், “ஆச்சுப்பா, வண்டிய எடு!” என்று கத்தினேன்.

இரண்டு மைல் போனபின் முன்னால் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பெண், “அண்ணே, அக்கா உங்களாண்டயா உக்காந்துகினு இருக்கு?” என்று கேட்டாள். “நிறுத்துப்பா!” என்று அலறினேன். பஸ்ஸைத் திருப்பினார்கள்.

பாலத்துச் சுவரோடு ஒட்டி அவள் நின்றிருந்தாள். சாலையில் சூடு ஆறாத யானை லத்தி கிடந்தது.

“இன்னாயா, என்னை உட்டுட்டு யானை பாக்கப் போய்ட்ட. அது என்னாண்ட வந்து நின்னுச்சுயா!” என்று அழுதாள்.

இப்போதெல்லாம் அவள் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்த பிறகே நான் படியில் கால் வைக்கிறேன்.