ஒரு தட்டுத் தண்ணீர்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போகிற எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். பெட்டியின் மேல் பழியைப் போட்டுப் பல வருஷம் ஓட்டினேன். பெட்டி ஒரு பாவமும் செய்யவில்லை.

அறுபதுகளின் கடைசியில் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். துணி பின்னுகிற மிஷின்களைக் கழற்றி மாட்டுவது என் வேலை. மண்ணரையில் ஒரு பழைய சலவைப் பட்டறையை நடுநடுவே சுவர் வைத்துத் தடுத்து, மூன்று குடித்தனங்களுக்கு விட்டிருந்தார்கள். அதில் நடு வீடு எங்களுடையது. நானும் என் மனைவியும் மட்டும்தான். குழந்தை இல்லை, கரண்டும் இல்லை. அவளுக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரைக்கு அடங்குகிற வகையும் இல்லை. தினமும் காலையில் இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர். கண்ணாடி ஊசியை வெந்நீரில் கொதிக்க வைத்துத் தொடையில் தானே போட்டுக்கொள்வாள். நான் எட்டிப் பார்த்தால், "நீங்க அந்தப் பக்கம் போங்க மாமா, உங்க மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்குப் பயமாகுது" என்று விரட்டுவாள்.

அந்த மருந்து சூட்டில் கெட்டுவிடும். அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். பெரிய மண்பானையில் ஆற்று மணலைக் கொட்டி நனைத்து, அதன் நடுவே ஒரு சின்னப் பானை. அதற்குள் மருந்துப் புட்டி. காலையிலும் சாயங்காலமும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பாள். இரண்டு கோடை அப்படியே கழிந்தது. ஆளும் நன்றாகத்தான் இருந்தாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஊரே மெச்சுகிற ஃபிட்டர், என் பெண்டாட்டியின் உயிர் ஒரு சட்டிப் பானைக்குள்ளா இருப்பது? வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் மண்ணெண்ணெயில் ஓடுகிற பிரிட்ஜ் ஒன்றைத் தள்ளிவிடப் போகிறார்கள் என்று ஒரு லாரி டிரைவர் சொன்னார். சித்திரை வெயிலில் அது எங்கள் வாசலில் வந்து இறங்கியது. வெள்ளைப் பெட்டி. அடியில் எண்ணெய்த் தொட்டியும் திரி விளக்கும். அந்தத் தீ முதுகுப்பக்கத்துக் குழாயைச் சூடாக்கினால் பெட்டிக்குள் குளிரும். தீ வைத்தால் எப்படிக் குளிரும் என்று தெருவே கூடிச் சிரித்தது. நான் அன்றைக்கே பானை மணலை வாசலில் கொட்டினேன். புட்டிகளை எடுத்துப் பெட்டிக்குள் அடுக்கினேன்.

விளக்கு எரிந்தது. ஒரு நாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று. பெட்டி குளிரவில்லை.

திருப்பூரில் எந்த மிஷின் நின்றாலும் நாங்கள் முதலில் சொல்கிற வார்த்தை, பஞ்சு. காற்றில் பஞ்சு, சோற்றில் பஞ்சு, மூக்கைச் சிந்தினால் பஞ்சு. ஊசி சிக்கினால் பஞ்சு, துணியில் ஓட்டை விழுந்தால் பஞ்சு. ஆகவே இதுவும் பஞ்சுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். விளக்கைக் கழற்றினேன். காற்றுத் துளைகளில் நிஜமாகவே பஞ்சு அடைத்திருந்தது. அதுதான் என்னைக் கெடுத்தது. சுத்தம் செய்தேன், மஞ்சளாக எரிந்த தீ நீலமானது. குளிரவில்லை. புகைக்குழாயில் கம்பி விட்டுக் கரியைச் சுரண்டினேன். திரியை மாற்றினேன். கதவு ரப்பர் சரியாக மூடுகிறதா என்று காகிதத்தை இடுக்கில் வைத்து இழுத்துப் பார்த்தேன். எல்லாம் சரி. குளிர் மட்டும் இல்லை.

லாரி டிரைவர் மறுபடி வந்தபோது, "படுக்கப் போட்டுக் கொண்டாந்தோமுங்க, அதுலதான் குளாய்க்குள்ள ஓடற குளிர் மருந்து எங்கியோ அடைச்சிருக்கோணும். ஒரு நாளு தலகீழாப் போட்டு வெச்சு நிமித்துனா செரியாப் போயிருமுங்க" என்றார். மூட்டை தூக்குகிற நாலு பேரைக் கூட்டிவந்து தலைகீழாக நிறுத்தினோம். பக்கத்து வீட்டுக்காரி, "ஏனுங்க, பெட்டிக்கு வகுத்து வலியாக்கும்?" என்று கேட்டுவிட்டு ஓடினாள். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன். பெட்டியை நிமிர்த்தினோம். கையை விட்டுப் பார்த்து, "லேசா ஆறியிருக்கு, நாளைக்குக் கூலாயிரும்" என்றேன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டு நிழலில் இருந்த எதைத் தொட்டாலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஒரு நாள் அவள் பெட்டியின் ஐஸ் அறையைத் திறந்து காட்டினாள். உள்ளே அலுமினியத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் வைத்திருந்தாள்.

"மாமா, இதப் பாருங்க. தண்ணி ஒரு ஓரமா நிக்குதுங்க. பெட்டி சாஞ்சிருக்குதாட்ட இருக்குது."

மிஷினை நிறுத்தும்போது ரசமட்டம் வைத்துச் சாய்வு பார்ப்பதுதான் என் தொழிலின் அரிச்சுவடி. கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நின்றால்தான் மிஷினை ஓட்டவே விடுவேன். அந்த ரசமட்டம் என் தோள் பையில் தினமும் வீட்டுக்கு வந்துபோனது. ஆனால் இதில் சுற்றுகிற சாமான் ஒன்றுமில்லை, சக்கரமில்லை, ஊசியில்லை. பீரோ மாதிரி நிற்கிற பெட்டிக்குச் சாய்வு பார்ப்பானேன்? இப்படிப் பொறுமையாக அவளிடம் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"மிஷினுக்கு ரசமட்டம் வெக்கறவன் நானு. நீ எனக்கு வெக்காத. சட்டி களுவற வேலையப் பாரு."

அவள் கதவைச் சாத்தினாள். மறுநாள் பார்த்தால் தட்டில் தண்ணீர் மாற்றியிருந்தது. அதற்கு மறுநாளும். என்னைக் குத்திக்காட்டத்தான் செய்கிறாள் என்று நினைத்து, நானும் பார்க்காத மாதிரி இருந்தேன். மருந்தைப் பானைக்கே மாற்றிவிடலாமா என்று ஒரு தடவை கேட்டாள். "ஊரு சிரிக்கோணுமா?" என்றேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

வைகாசியில் அவள் இளைக்க ஆரம்பித்தாள். ஓயாத தாகம். ரவிக்கை தொளதொளத்தது. டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் முதலில் கேட்ட கேள்வியே, "மருந்தை எங்கே வைக்கிறீங்க?" என்பதுதான்.

"பிரிட்ஜுலங்க" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன், சாமி. என் மாதிரி ஆளின் வீட்டில் பிரிட்ஜா என்று அவர் புருவத்தை உயர்த்தியது எனக்குப் பெருமையாக இருந்தது.

"அப்ப மருந்துல கோளாறு இல்லை" என்று சொல்லி, அளவைக் கூட்டி எழுதினார். அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி நடக்கும்போது சொன்னாள்: "பொட்டி இன்னும் கூலாகலீன்னு டாக்டருகிட்டச் சொல்லியிருக்கலாமுங்க."

"ஏன், உனக்கு வாயில்லியா? நீ சொல்றது."

"நாலு பேருக்கு முன்னால உங்கள உட்டுக்குடுத்துட்டுங்களா நாம் பேசறது?"

அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. என்மேலேயே வந்த கோபம் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அவள்மேல்தான் கொட்டினேன்.

ஆனி பிறந்து சில நாளில், காலையில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். மூச்சு மேலும் கீழும் வாங்கியது. வாயில் அழுகிய பழ வாசம். குதிரை வண்டி வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாள் இருந்தாள். கண்ணைத் திறக்கவே இல்லை. "அம்மிணி, அம்மிணி" என்று நான் கூப்பிட்டதெல்லாம் அவள் காதில் விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது. முப்பது வயது முடியவில்லை அவளுக்கு.

பிணம் எடுத்ததும் பெண்கள் வீட்டைக் கழுவிவிடுவது வழக்கம். நான் மயானத்திலிருந்து வந்தபோது குடம் குடமாக ஊற்றிக் கழுவி முடித்திருந்தார்கள். தலையில் ஈரத்தோடு வாசற்படியில் உட்கார்ந்தேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன். ஊற்றிய தண்ணீரெல்லாம் ஒரே பக்கமாக ஓடிப் பெட்டி இருந்த மூலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே சலவைப் பட்டறையின் பழைய சாக்கடைத் துளை. துணி அலசிய தண்ணீர் ஓடுவதற்காக வாட்டம் விட்டுப் போட்ட தரை அது. பெட்டியின் இரண்டு கால் தண்ணீரில் நின்றது, இரண்டு கால் காய்ந்து கிடந்தது.

பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துப் பெட்டியின் தலையில் வைத்தேன். குமிழி ஓடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. வந்திருந்த சொந்தக்காரர்கள், துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள். தண்ணீரில் நின்ற இரண்டு கால்களுக்கும் அடியில் ஓட்டுச் சில்லுகளைச் சொருகினேன். குமிழி நடுவுக்கு வந்தது. விளக்கை ஏற்றினேன். மொத்த வேலையும் கால் மணி நேரம் பிடிக்கவில்லை.

அந்தப் பெட்டி மட்டமாக நிற்க வேண்டும், சாய்ந்தால் குழாய்க்குள் ஓடுகிற குளிர் மருந்து ஓடாமல் தேங்கிவிடும் என்பதைப் பிறகு ஒரு மெக்கானிக் எனக்கு விளக்கிச் சொன்னார். எனக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது.

ஐஸ் அறையைத் திறந்தேன். அவள் கடைசியாக மாற்றிவைத்த தட்டு அப்படியே இருந்தது. தண்ணீர் உறைந்திருந்தது. எந்த ஓரத்திலும் ஏறாமல், இறங்காமல், தட்டு முழுக்கச் சமமாக.

தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது கரைந்து என் வேட்டியெல்லாம் நனைகிறவரை எழுந்திருக்கவில்லை.