நேற்று ‘சரிங்க’ என்றது நான் இல்லை

அரசி டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு வாழைப்பூ வடைக்குக் கீழே வந்தது. எங்கள் பள்ளியின் பழைய ஆசிரியர்களுக்கென்று இருக்கும் வாட்ஸப் குழுவில் யாரோ வடைப் படம் போட்டிருந்தார்கள். அடுத்த வரியில் மாரடைப்பு, இன்று காலை, நன்னிலம் வீட்டில். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். இன்னொரு மகானுபாவர், “ஐயாவின் ஆன்மா சாந்தியடையட்டும்” என்று வேறு யாருக்கோ எழுதியதை அப்படியே தள்ளிவிட்டிருந்தார். வருஷக்கணக்கில் ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அந்த அம்மாளின் புளியோதரையைத் தின்ற மனிதர்! சீ என்று ஆகிவிட்டது. போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு நன்னிலத்துக்குக் கிளம்பினேன்.

டீச்சர் வீட்டுத் தெருமுனையில் ஆளுயர ஃப்ளெக்ஸ். வைத்தவர் டீச்சரின் அண்ணன். “அனைவர் சொல்லுக்கும் இணங்கி நடந்த அன்பின் சிகரமே!” படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அவர் அப்படி நடக்க மறுத்ததால்தானே ஐயா, நீங்கள் வருஷக்கணக்கில் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை? இந்தப் பொய்யோடு அவரை அனுப்பிவைக்க எனக்கு மனசில்லை. குழுவில் இருக்கிறவர்களே, அவரோடு வேலை பார்த்த உங்களுக்குப் பாதிக் கதை தெரியும். மீதியையும் கேளுங்கள்.

மங்கையர்க்கரசி என்ற பெயரை நாம் யாரும் முழுசாகச் சொன்னதில்லை. முன்னால் அரசி டீச்சர், முதுகுக்குப் பின்னால் ‘சரிங்க டீச்சர்’. ஹெட்மாஸ்டர் கூடுதல் வகுப்பு எடுக்கச் சொன்னால் சரிங்க. கெமிஸ்ட்ரி லேபைக் கூட்டச் சொன்னாலும் சரிங்க. கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார். அண்ணன்தான் கூட நின்று மகள் சுபாவைப் படிக்கவைத்தார். அதனால் அண்ணன் வாயைத் திறக்குமுன்பே இவருக்கு ‘சரிங்கண்ணே’ வந்துவிடும். அவருடைய நல்ல குணம் அது என்று நாமும் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தோம். அடுத்தவர் வாயைக் கட்டிப்போட நமக்குக் கிடைத்த சுலபமான கயிறு பாராட்டுதான்.

சுபா வாங்கிக்கொடுத்த புதுப் போன், பேசுவதையெல்லாம் தானாகவே பதிவுசெய்துகொள்ளும். டீச்சருக்கு அது தெரியாது. ஒருநாள் மதியம் லேபில் எதையோ அழுத்தப்போய், அன்று காலை அண்ணனோடு போனில் பேசியது ஓட ஆரம்பித்துவிட்டது. நான் பக்கத்தில் இருந்தேன்.

“சுபாவ சிங்கப்பூர்ல இருக்கற நம்ம குமாருக்கே முடிச்சிடலாம்னு இருக்கேன். முறைப்பையன் இருக்கறப்ப வெளியில எதுக்குத் தேடணும்? தை மாசம் வெச்சுக்கலாம்.”

“சரிங்கண்ணே.”

“ஒரத்தநாட்டுப் படிப்ப நிறுத்திடு. அங்க போயி மாட்டுக்கா ஊசி போடப் போறா?”

“சரிங்கண்ணே.” கூடவே ஒரு சின்னச் சிரிப்பு.

மாட்டு வைத்தியம்தான் படிப்பேன் என்று அடம்பிடித்து ஒரத்தநாட்டுக் கல்லூரியில் சேர்ந்த பெண் சுபா. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீச்சர் முகம் வெளிறி, வாஷ்பேசினுக்கு ஓடி ஓங்கரித்தார். எல்லாருக்கும் தன் குரலைக் கேட்டால் அப்படித்தான் இருக்கும் என்று நான் தேற்றினேன்.

“குரல் இல்லைங்க டீச்சர். அந்தச் சிரிப்பு. யாருங்க அது? அதுல நான் எங்கயுமே இல்லையே.”

அன்று அவர் பஸ்ஸை விட்டுவிட்டு லேபிலேயே உட்கார்ந்தார். அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. “புண்ண எதுக்குங்க நோண்டிக்கிட்டு?” என்றேன்.

“இங்க கேளுங்க. படிப்ப நிறுத்திடுன்னு சொன்னதும் ஒரு மூச்சு நிக்குது பாருங்க. அதுதான் நான். அதுக்கப்புறம் வர்ற ‘சரிங்க’ வேற யாரோ.”

காதை வைத்துக் கேட்டேன். நிஜமாகவே ஒரு மூச்சு நின்றது.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணன் ரோட்டில் காயப்போட்ட நெல்லைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். “உள்ள வாங்க டீச்சர், காப்பி சாப்பிடலாம்” என்று என்னைத்தான் முதலில் உபசரித்தார். டீச்சர் நெல்லோரம் நின்றபடியே சொன்னார்: “அண்ணே, நேத்து சரிங்கன்னது நான் இல்ல. என் வாய். சுபாகிட்ட கேக்காம நான் எதுவும் சொல்றதுக்கில்ல.”

“இதென்ன கூத்தா இருக்கு! வாய் உன்னோடதுதானே?”

“என்னோடதுதாங்கண்ணே. இப்பதான் என் கைக்கு வருது.”

அண்ணன் நெல்லை விட்டுக் காலை எடுத்தார். “செஞ்ச நன்றிய மறந்துட்ட. இனிமே என் வாசப்படி மிதிக்காத” என்றார். காப்பி வரவில்லை.

டீச்சர் சுபாவைக் கேட்டார். வேண்டாம் என்றாள். அவ்வளவுதான், சொந்தம் முழுக்கத் திரும்பிக்கொண்டது. அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊருக்கெல்லாம் பத்திரிகை வந்தது, கூடப்பிறந்தவளுக்கு வரவில்லை. நம் ஸ்டாஃப் ரூம் மட்டும் என்ன யோக்கியம்? ஹெட்மாஸ்டர் ஏதாவது கேட்டால் டீச்சர், “இருங்க சார், எனக்கு என்ன தோணுதுன்னு எனக்கே இன்னும் தெரியல” என்பார். தலைக்கனம் என்றீர்கள். மரை கழன்றுவிட்டது என்று சிரித்தவர்களும் இதைப் படிப்பீர்கள்.

தினமும் சாயங்காலம் தான் பேசியதைத் தானே கேட்பதை அவர் கடைசிவரை விடவில்லை. “நல்லவளா தெரியணும்னு நான் சொன்ன பொய்தான் எல்லாத்தையும்விட ஜாஸ்தி டீச்சர்” என்று ஒருமுறை சிரித்தார். என்னையும் விட்டுவைக்கவில்லை. யாரையோ நான் காய்ச்சி எடுத்து முடித்ததும், “இவ்வளவு நேரம் கத்துனது உங்க அப்பாதானே?” என்றார். வாயை மூடுங்க என்றேன். வீட்டுக்குப் போய் யோசித்தால், சாட்சாத் அப்பாவேதான்.

பதினாறாம் நாள் படத்திறப்பு. மைக்கைப் பிடித்த அண்ணன், “என் தங்கச்சி ஒரு நாளும் எனக்கு மறுபேச்சு பேசினதில்ல” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் உச்சுக்கொட்டியது. நாக்கு கூசவில்லையா இவருக்கு? அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். அண்ணன் பக்கத்தில் வந்து காதோரம் சொன்னார்: “நாலு நல்ல வார்த்த போதுங்க டீச்சர். பழசக் கிளற வேணாம், சரிங்களா?”

அட, என் வாயும் ‘சரிங்க’ என்று கிளம்பிவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். அதற்குள் சுபா எழுந்துவிட்டாள். இன்று அவள் கால்நடை டாக்டர்.

“அம்மா மறுத்தாங்க மாமா. மொதல்ல உங்ககிட்டதான் மறுத்தாங்க. அதச் சொல்லாம அம்மா படத்தத் திறக்காதீங்க.”

“இப்ப எதுக்கும்மா இதெல்லாம்” என்று இழுத்தார் அண்ணன். யாரோ ஒருவர் பந்தி போடலாமா என்று கேட்டார், அவருக்கு அந்த நேரத்திலும் சோறு. நான் மைக்கை வாங்கி, இங்கே எழுதியிருப்பதை ஒன்று விடாமல் சொன்னேன். பிறகு சுபாதான் திரையை விலக்கினாள்.

அரசி டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய பொறுமையை அல்ல, அன்பை அல்ல. லேபில் அவருக்கு வந்த அந்தக் குமட்டலைத்தான். மனசு ஒப்பாததற்கு என் வாய் முந்திக்கொண்டு ‘சரிங்க’ என்று கிளம்பும்போதெல்லாம் அடிவயிற்றைப் பிரட்டுகிறது. பிரட்டட்டும். நான் சாகிறவரைக்கும் அது அடங்கவே வேண்டாம்.