நாலாவது பிளாப்பியின் குங்குமப் பொட்டு

ஃபைல்களைச் சுருக்கி மூட்டை கட்டிப் பிளாப்பியில் ஏற்றும் வேலையில் ஒரு விசேஷம் உண்டு: கட்டுகிற நேரத்தில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், பிரிக்கிற நேரத்தில் நாற்காலி போதாது.

தொண்ணூறுகளில் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கட்டளை அடித்து, "அடுத்த பிளாப்பியைப் போடு" என்று அது அதட்டும்போதெல்லாம் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் பட்டவர்கள்தான். அந்தக் கொடுப்பினை இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். முதலாளி ஞானராஜ் சார், மஞ்சுநாத், நான் என்று மூன்றே பேர். கம்ப்யூட்டர் இரண்டு, இரண்டிலும் இடம் கிடையாது. அதனால் ஒருவருடைய வேலை ஒரு கட்டம் முடிந்ததும் அவருடைய அத்தனை ஃபைலையும் ஒரே மூட்டையாகச் சுருக்கி, பல பிளாப்பிகளில் பங்கு போட்டு ஏற்றி, அலமாரியில் வைத்துவிடுவோம். எல்லாம் ஓர் எழுத்தில் இருக்கிறது. கட்டளைக்குப் பின்னால் ஏ அடித்தால் கட்டும், எக்ஸ் அடித்தால் பிரிக்கும். மற்ற எழுத்துகளும் உண்டு. அவற்றால்தான் எனக்கு இளநரை.

மெலிந்த தீசிஸ்

லாரன்ஸ் சார் ஒரு காலேஜில் தாவரவியல் லெக்சரர். ஐம்பது வயது. சாலையோர மரப்பட்டைகளில் சாம்பல் பச்சையாகத் திட்டுத் திட்டாகப் படர்ந்திருக்கும் பாசியைப் பற்றி எட்டு வருஷமாக தீசிஸ் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு முறை கெடு நீட்டி வாங்கியாயிற்று. தசரா முடிந்து வரும் திங்கட்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. ரத்தானால் டாக்டர் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் துறைத் தலைவர் நாற்காலியில் அவரிடமே படித்த ஒருத்தர் வந்து உட்காருவார். அந்த மாணவர் ஒரு பரீட்சையில் செம்பருத்தியின் பாகங்களைத் தப்பாகக் குறித்ததை லாரன்ஸ் சார் இன்னும் மறக்கவில்லை.

இதற்கு நடுவில் அவருடைய கைடு வேறு. நாலாவது அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள் என்பது அவருடைய பல வருஷப் பல்லவி. காக்ஸ் டவுன் மரங்களைத் தெருத் தெருவாக, மரம் மரமாக வர்ணிக்கும் தொண்ணூறு பக்கம் அது. லாரன்ஸ் சார் வீட்டு வாசலுக்கு எதிரே நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தில்தான் தொடங்கும். அதை எடுப்பதற்குப் பதில் என் கையை எடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

முதல் தடவை நான் தீசிஸைச் சுருக்கியபோது பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். முன்னால் இருந்த அளவையும் பின்னால் வந்த அளவையும் திரையில் பார்த்தார். பாதிக்கும் கீழே. முகம் வெளுத்துவிட்டது. "எதையும் தூக்கிப் போடலை சார், மடிச்சுதான் வைக்குது. பிரிச்சா ஒரு கமா விடாம திரும்ப வரும்" என்றேன். நம்பவில்லை. அங்கேயே பிரிக்கச் சொல்லி, கடைசிப் பக்கத்தின் எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அப்படியும் தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "என்னமோம்மா, எட்டு வருஷமா என் கைடு குறை குறைன்னு சொன்னதை உன் மெஷின் ரெண்டு நிமிஷத்துல செஞ்சிடுச்சு."

கடைசி மட்டும்

விவேக் நகர் வின்சென்ட், சர்ச் மாத இதழுக்கு ஆசிரியர், நிருபர், விநியோகஸ்தர் எல்லாம். வருஷ மலர் முழுவதும் ஒரே ஃபைல், அதை மூன்று பிளாப்பிகளில் கட்டி வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தோம். திருத்தம் போட வந்தவர் சட்டைப் பையிலிருந்து மூன்றாவதை மட்டும் எடுத்து நீட்டினார். திருத்தமெல்லாம் கடைசிப் பக்கங்களில்தானாம். ஒரே ஃபைலை மூன்று துண்டாக வெட்டியிருக்கிறது, மூன்றும் இருந்தால்தான் பிரியும் என்று விளக்கி அனுப்பினேன்.

பஸ் பிடித்துப் போய், பஸ் பிடித்துத் திரும்பி வந்தார். இந்த முறை ஒன்றும் மூன்றும். இரண்டாவது எங்கே என்று கேட்டதற்கு அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மேடம், எங்க ஃபாதர் பிரசங்கத்துல ஆரம்பத்தையும் முடிவையும் கேட்டா நடுவுல என்னனு எனக்கே தெரிஞ்சிடும், இவ்ளோ பெரிய கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?"

மஞ்சுநாத்துக்குப் பிடித்த எழுத்து

மஞ்சுநாத்துக்கு ஏ பிடிக்காது, எம் தான் பிடிக்கும். எம் அடித்தால் மூட்டையும் கட்டும், கட்டி முடித்ததும் வெளியே இருக்கும் ஃபைல்களை அழித்தும் விடும். ஒரே வேலையில் கம்ப்யூட்டர் சுத்தம். மஞ்சு கன்னடக்காரர், தமிழை எங்கள் கடையில்தான் கற்றுக்கொண்டார். சுத்தம் என்றால் அவருக்கு உயிர், மேஜையில் ஒரு பென்சில் கோணலாகக் கிடந்தால் நேராக வைத்துவிட்டுத்தான் பேசுவார். ஒருநாள் ஞானராஜ் சார் மகளுக்கு வரன் பார்ப்பதற்காக அடித்து வைத்திருந்த பயோடேட்டாவைக் காணோம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கீழே பேக்கரியில் காத்திருந்தார்கள். சார் போட்ட கூச்சலில் பேக்கரிக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். மஞ்சு அசையவில்லை. "எங்கயும் போகல சார், ஒளகடே இதே, சும்மா டென்ஷன் மாடபேடி" என்று, உள்ளேதான் இருக்கிறது, டென்ஷன் வேண்டாம் என்பதைக் கன்னடம் கலந்து சொல்லிப் பிரித்துக் கொடுத்தார்.

லாரன்ஸ் சாரின் தீசிஸையும் இதே மாதிரிதான் ஏழு பிளாப்பிகளில் கட்டி, கம்ப்யூட்டரிலிருந்து துடைத்துவிட்டார். கல்யாணப் பத்திரிகை சீசன், இடம் வேண்டியிருந்தது. இன்னொரு செட் போட்டு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று லாரன்ஸ் சாரிடம் நான் கெஞ்சினேன். அவருக்குத் தெரியாமல் நானே ஒரு செட் போட்டிருக்கலாம். ஏழு பிளாப்பி மாற்றச் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன், அந்தச் சோம்பலுக்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். லாரன்ஸ் சாரோ, காலேஜில் தன் பாசியைத் திருட ஒரு கூட்டமே அலைகிறது என்ற பயத்தில் இருந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ரெண்டு காப்பி இருந்தா ரெண்டு திருடன் வருவாம்மா."

உள்ளே இருப்பதற்குத்தானே பூஜை

ஆயுத பூஜைக்கு ஞானராஜ் சார் தடை சொல்வதில்லை. அன்றைக்கு அவர் மகளோடு ஊருக்குப் போய்விடுவார், கடை மஞ்சுவின் ராஜ்யம். வாழைக்கன்று, சாமந்திச் சரம், உடைக்கப் பூசணிக்காய், கடலேபுரி என்கிற பொரி ஒரு மூட்டை. இரண்டு மானிட்டருக்கும் விபூதிப் பட்டை. கற்பூரம் ஏற்றியது நான்தான். பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டே, அலமாரியிலிருந்த பிளாப்பிகளுக்கும் மஞ்சு பொட்டு வைப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மேலட்டையில் வைக்கிறார் என்று நினைத்தேன்.

விடுமுறை முடிந்து புதன்கிழமை லாரன்ஸ் சார் வந்தார். வியாழன் வெள்ளியில் பிரிண்ட், சனிக்கிழமை கைடின் கையெழுத்து, ஞாயிறு பைண்டிங், திங்கள் சமர்ப்பணம். முதல் பிளாப்பியைப் போட்டேன். டிரைவ் காபிக்கொட்டை அரைக்கிற மாதிரி சத்தம் போட்டது. வெளியே எடுத்து, உலோக மூடியை நகர்த்திப் பார்த்தேன். உள்ளே, அந்தக் கறுப்புத் தகட்டின் மேலேயே, சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம். ஏழிலும். மற்ற பிளாப்பிகளுக்கெல்லாம் அட்டையோடு சரி. மஞ்சுவைப் பார்த்துக் கத்தினேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. லாரன்ஸ் சாருக்குக் கடைசிக் கெடு, விசேஷமாகச் செய்யவேண்டும் என்று நினைத்திருக்கிறார். "மேடம், வெளியே வெறும் பிளாஸ்டிக், தீசிஸ் ஒளகடே தானே இதே, அதான் கதவைத் தொறந்து வெச்சேன்."

ஒரே பெயரில் ஐந்து

மெடிக்கல் ஷாப்பில் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி வந்து, மஞ்சுவும் நானும் ஏழு தகடுகளையும் துடைத்தோம். லாரன்ஸ் சார் பின்னால் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினார். ஒன்று படித்தது, இரண்டு படித்தது, மூன்று படித்தது. நாலாவது படிக்கவில்லை. அங்கேதான் சந்தனம் கெட்டியாக அப்பியிருந்தது. துண்டாகாமல் முழுதாக இருக்கும் ஃபைல்கள் தனியாகவும் பிரியும் என்பதால் அதை அப்போதைக்குத் தாண்டி, ஐந்து, ஆறு, ஏழு என்று முடித்தேன்.

முடிந்ததும் பட்டியலைப் பார்த்தால் ஒரே ஓர் அத்தியாயம், கடைசி அத்தியாயம் மட்டும்தான் இருந்தது. அப்புறம் புரிந்தது, பதற்றத்தில் எக்ஸுக்குப் பதில் ஈ அடித்திருக்கிறேன். எக்ஸ் அடித்தால் எந்த ஃபோல்டரில் இருந்ததோ அந்த ஃபோல்டரில் கொண்டுபோய் வைக்கும். ஈ எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிவிடும். லாரன்ஸ் சாரோ ஐந்து அத்தியாயங்களையும் ஐந்து ஃபோல்டரில் போட்டு, ஐந்துக்கும் 'ஃபைனல்' என்றே பெயர் வைத்திருந்தார். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கடைசியாக வந்தது மட்டும் மிஞ்சியது. மேலெழுதட்டுமா என்று அது ஒவ்வொரு தடவையும் கேட்டது, நானும் பெரிய மனது பண்ணி ஆமாம் ஆமாம் என்று தட்டியிருக்கிறேன். பிளாப்பியில் பத்திரமாகத்தான் இருக்கிறது, மறுபடி பிரித்தால் போதும். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் லாரன்ஸ் சார் என் தோளுக்கு மேல் குனிந்து பட்டியலைப் பார்த்துவிட்டார். "ஏம்மா, என் கைடு இங்க வந்துட்டுப் போனாரா?"

போனது எது

எக்ஸ் அடித்ததும் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து வந்தன. மூன்றாவதில் ஒரு படம் குறைந்தது. நாலாவது அத்தியாயம் முழுக்க நாலாவது பிளாப்பியில் இருந்தது. எங்கள் இரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்தோம், பிரிண்ட் போடும் கடையில் போட்டுப் பார்த்தோம், ஞானராஜ் சாரின் மைத்துனர் ஆபீஸில் போட்டுப் பார்த்தோம். எல்லா இடத்திலும் காபிக்கொட்டைதான். கைப்பிரதி இருந்தது, ஆனால் அதற்கப்புறம் திரையிலேயே பதினோரு தடவை திருத்தியிருந்தார். படங்களின் பிரிண்டுகள் வீட்டில் மழை ஒழுகி ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்து போயிருந்தன. நாலு நாளில் அதை மறுபடி உண்டாக்க முடியாது.

மஞ்சு வாசலில் நின்று அழுதே விட்டார். லாரன்ஸ் சார் எங்கள் இருவரையும் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. ரொம்ப நேரம் அந்தப் பிளாப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு, ஐந்தாவது அத்தியாயத்தை நாலு என்று மாற்றி பிரிண்ட் போடச் சொன்னார். பிளாப்பியை என் மேஜையில் வைத்துவிட்டு, படியிறங்கிப் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் கைடின் கையெழுத்தோடு அவரே மாடியேறி வந்தார். சந்தோஷமா துக்கமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கைடு தீசிஸைப் புரட்டிப் பார்த்து, எழுந்து நின்று கை குலுக்கினாராம். அவர் சொன்னதை லாரன்ஸ் சார் அப்படியே ஒப்பித்தார்: "லாரன்ஸ், கடைசியில உமக்கும் புத்தி வந்துதே!"

மூன்று வருஷம் கழித்து

அவருக்கு டாக்டர் பட்டம் வந்தது, துறைத் தலைவர் நாற்காலியும் வந்தது. பேக்கரியிலிருந்து எங்களுக்குக் கேக் வாங்கிக் கொடுத்தார். மஞ்சுவுக்கு இரண்டு துண்டு. நான் வேறு கம்பெனிக்கு மாறியபோது, பொட்டு வைத்த அந்தப் பிளாப்பியும் கைப்பையில் என்னோடு வந்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை. புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கும்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் அதைப் போட்டுப் பார்ப்பேன். நம் தொழிலில் இது தெரிந்த சங்கதிதானே, ஒரு டிரைவ் துப்பியதை இன்னொரு டிரைவ் விழுங்கும். ஒருநாள் மத்தியானம் ஒரு புது டிரைவ் சத்தமே போடாமல் விழுங்கியது. எக்ஸ் அடித்தேன், இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு. தொண்ணூறு பக்கமும், அத்தனை படமும், ஒரு கமா விடாமல் வந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு ஓடினேன். எதிரே தூங்குமூஞ்சி மரம் இல்லை. அதை வெட்டிவிட்டு அங்கே நாலு மாடி எழுப்பியிருந்தார்கள். லாரன்ஸ் சார் காகிதக் கட்டைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி கண்ணாடி கொண்டுவந்து கொடுத்தார். முதல் பக்கத்தை மெதுவாகப் படித்தார். பத்தாவது பக்கத்தில் டீ கேட்டார். இருபதாவதில் கொட்டாவி விட்டார். முப்பதைத் தாண்டியதும் மூன்று பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினார், நான் பார்த்துவிட்டேன், நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். கட்டை மூடி, மறுபடி முதல் பக்கத்துக்கு வந்து, அங்கே இருந்த தூங்குமூஞ்சி மரத்தின் படத்தின் மேல் விரலை வைத்தார். "கைடு சொன்னது சரிதாம்மா, ரொம்பத்தான் நீளம், எழுத்து இருக்கட்டும், இந்த ஒரு படத்தை மட்டும் பெரிசாப் போட்டுக் குடு, ஜன்னலுக்குப் பக்கத்துல மாட்டிக்கறேன்."

ஆக, ஒரு கைடு எட்டு வருஷம் மன்றாடியும் நடக்காத சுருக்கத்தை மஞ்சுநாத்தின் ஒரு சிட்டிகைக் குங்குமம் முடித்துக்கொடுத்தது, நானும் என் எக்ஸும் கூடவே நின்று கற்பூரம் காட்டியதோடு சரி.