செம்மார்பு உள்ளானும் சுல்மாவின் வடிகட்டியும்

தென் அமெரிக்காவின் கடலோர ஊரான சான் அந்தோனியோவில் தொலைபேசி இணைப்பகம் தானியங்கியாக மாறியபோது வேலை போனவர்களில் சுல்மா அந்தெனாவோவும் ஒருத்தி. பாதி ஊரின் குரல் அவளுக்கு அத்துப்படி. யார் யாரைக் கூப்பிடுவார்கள், பேசி முடித்ததும் யார் அழுவார்கள் என்பதெல்லாம் தெரிந்தும் ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. அந்த வாயடக்கத்துக்காகத்தான், கடலோரப் பறவைகளைக் கவனிக்கும் குழுக்காரர்கள் தன்னைத் தேடி வந்தார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். உண்மையில், கடலோரக் கொட்டகையில் காற்று ஊளையிட ஊளையிடக் கணினி முன்னால் உட்கார வேறு யாரும் சம்மதிக்கவில்லை.

ஆண்டுதோறும் மார்ச் மாதம் தெற்கிலிருந்து செம்மார்பு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவைகள் அந்தக் கரைக்கு வரும். கடல் உள்வாங்கும்போது தெரியும் பாறைத் தரையில் சிப்பி தின்று கொழுத்துவிட்டு, வடக்கே கிளம்பிவிடும். குழுவினர் வலை வைத்துச் சிலவற்றைப் பிடித்து, காலில் ஆரஞ்சு நிறத்தில் எழுத்துப் பொறித்த ஒரு குட்டிப் பட்டையை மாட்டி விட்டுவிடுவார்கள். உலகில் எங்கே இந்தப் பறவையைப் பார்த்தாலும் எங்களுக்கு எழுதுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் முகவரியை எல்லா இடத்திலும் போட்டு வைத்திருந்தார்கள். வரும் மடல்களைப் படித்துப் பதில் போடுவது சுல்மாவின் வேலை.

முகவரி ஊருக்கெல்லாம் தெரிந்தால் என்ன ஆகுமோ அது ஆனது. மாத்திரை விற்பவன், போலிக் கைக்கடிகாரம் விற்பவன், இறந்துபோன மந்திரியின் சொத்தைப் பங்கு போட ஆள் தேடுபவன் என்று எல்லோரும் எழுதினார்கள். சுல்மா முதலில் எல்லாருக்கும் பதில் போட்டாள். ஒருவர் கூப்பிட்டால் எடுத்துப் பேசாமல் விடுவது அவள் பழக்கத்தில் இல்லை.

“கிழவி, லண்டன்ல நமக்கு லாட்டரி விழுந்திருக்காமே?” என்றான் அவள் கணவன் ஓஸ்மார். படகு மோட்டார் பழுது பார்ப்பவன். “நான் கடைய மூடிரட்டுமா?”

“சிரிக்காத. அந்த ஆளு மரியாதையாத்தான் எழுதியிருக்காரு. நாங்க சீட்டே வாங்கலையே, வேற யாருக்காவது விழுந்திருக்கும், நல்லாப் பாருங்கன்னு பதில் போட்டேன்.”

“பதில் வேற போட்டியா! வெளங்கிரும்.”

அவன் சொன்னது போலவே, பதில் போகப் போக மடல்கள் பல மடங்காகப் பெருகின. பிறகு ஆபாச மடல்கள் வர ஆரம்பித்தன. யாராவது கொட்டகைக்குள் வந்தால் சுல்மா திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், பேருந்து நிலையத்துக்கு எதிரே இணையக் கடை நடத்தும் தோழி கிரிசெல்டாவை இழுத்துக்கொண்டு வந்தாள்.

கிரிசெல்டா மடல்களைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏண்டி சுல்மா, இத்தனை பேரு உன் மேல ஆசைப்படுறாங்க, எங்கிட்டச் சொல்லவே இல்லையே!”

“வாய மூடிட்டு ஏதாவது வழி சொல்லு.”

கிரிசெல்டா கணினியில் ஒரு வடிகட்டியைப் போட்டுக் கொடுத்தாள். மடலுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான். வேண்டாம் என்றால் அதை அமுக்கினால் போதும், மடல் குப்பைப் பெட்டிக்குப் போய்விடும்.

“அவ்வளவுதானா? இத நானே அழிச்சுக்குவேனே.”

“அவசரப்படாத. நீ வேண்டாம்னு தள்ளுற மடல்ல என்னென்ன வார்த்தை இருக்குன்னு இது எண்ணி வச்சுக்கும். நீ வச்சுக்கிற மடல்லயும் எண்ணும். அப்புறம் புதுசா ஒண்ணு வந்தா, இது சுல்மா தள்ளுற மாதிரி இருக்கா, வச்சுக்கிற மாதிரி இருக்கான்னு கணக்குப் போட்டுப் பாக்கும்.”

“அதுக்கு ஸ்பானிஷ் தெரியுமா? இங்கிலீஷ் தெரியுமா?”

“ஒரு மண்ணும் தெரியாது. நீ சொல்லிக் குடுக்கிறதுதான்.”

அது ஜனவரி, அந்தப் பக்கம் கோடைக்காலம். பறவைகள் இன்னும் வந்திருக்கவில்லை. வரும் நல்ல மடல்கள் பள்ளிக்கூடத்திலிருந்தும் நகராட்சியிலிருந்தும் வருபவை மட்டுமே, எல்லாம் ஸ்பானிஷில். மற்ற எல்லாவற்றையும் சுல்மா பொத்தானை அமுக்கித் தள்ளினாள். முதல் சில நாட்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காலை கணினியைத் திறந்தாள். நகராட்சி மடல் ஒன்று மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. குப்பைப் பெட்டியைத் திறந்தால் அங்கே கூட்டம் நெரிந்தது. அவள் கை வைக்காமலே எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தன. மாத்திரையின் பெயரை வேண்டுமென்றே எழுத்துப் பிசகாக எழுதியிருந்த மடல் கூடத் தப்பவில்லை.

சுல்மாவுக்குப் புல்லரித்தது. இணைப்பகத்தில் புதிதாக வந்த பெண்களுக்கு வேலை பழக்கியிருக்கிறாள். அவர்களில் யாரும் இத்தனை சீக்கிரம் அவள் மனதைப் படித்ததில்லை. “எனக்கு என்ன பிடிக்காதுன்னு ஓஸ்மாருக்கு இன்னும் தெரியல. இதுக்குத் தெரிஞ்சிருச்சு,” என்று ரொட்டிக் கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

மார்ச்சில் பறவைகள் வந்தன. வலை போட்ட அன்று சுல்மாவும் கரைக்குப் போனாள். குழுவின் தலைவர் அரோல்டோ, உள்ளூர்ப் பள்ளியில் உயிரியல் வாத்தியார். அவர் பட்டை மாட்டிய ஒரு பறவையை அவள் கையில் வைத்து, “மெதுவா விரல விரிங்க, டோன்யா சுல்மா. அதுவே போயிரும்,” என்றார். பெரிய பெண்களை அங்கே டோன்யா என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். உள்ளங்கையில் ஒரு முழு ரொட்டியின் கனம்கூட இல்லை. ஆனால் அதன் இதயம் அடித்த வேகம் அவள் மணிக்கட்டு வரை வந்தது. விரலை விரித்தாள். பறவை ஒரு கணம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டுக் காற்றில் ஏறியது.

“எங்க போகுது?”

“வடதுருவம் பக்கமா. முட்டையிட.”

“சும்மா சொல்லாதீங்க, வாத்தியாரே.”

“சத்தியமா.”

அதன் பிறகு அவர்கள் காத்திருந்தார்கள். ஏப்ரலில் பிரேசிலிலிருந்து செய்தி வர வேண்டும். மே மாதம் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். ஒன்றும் வரவில்லை. ஏப்ரல் கடைசியில் சுல்மா குப்பைப் பெட்டியை ஒரு தடவை துடைத்துக் காலி செய்தாள், வீடு பெருக்குவது போல. ஜூன் போனது. ஜூலைக் குளிரில் அரோல்டோ தினமும் கொட்டகைக்கு வந்து, “ஏதாவது?” என்பார். அவள் இல்லை என்று தலையாட்டுவாள். சில வருடங்களாகவே பறவைகள் குறைந்துகொண்டு வந்தன. இந்த முறை வழியில் எல்லாம் செத்துவிட்டனவோ என்ற பயம் அவருக்கு.

“ஒருத்தர்கூடவா பாக்கல?” என்றார் ஒரு நாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மாட்டவே இல்லை.

அவர் போன பிறகு சுல்மா அமைதியான பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இணைப்பகத்தில் அழைப்புகளை இணைக்கும் பலகை இப்படி ஒரேயடியாக அடங்கிப்போனால் ஊரில் யாருக்கும் பேச்சு இல்லை என்று எண்ண மாட்டார்கள். எங்கோ கம்பி அறுந்திருக்கிறது என்றுதான் எண்ணுவார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. குப்பைப் பெட்டியைத் திறந்தாள்.

மாத்திரைகளுக்கும் கடிகாரங்களுக்கும் நடுவில் ஒரு தலைப்பு: ‘சிவந்த மார்பு, ஆரஞ்சுக் கால். படம் இணைப்பில்.’ அவளே அதைப் பார்த்திருந்தால் தள்ளித்தான் விட்டிருப்பாள். பயந்துகொண்டே திறந்தாள். அமெரிக்கக் கரையில், நண்டு முட்டைகளைக் கொத்தித் தின்றுகொண்டு ஒரு உள்ளான் நின்றது. காலில் அவர்கள் மாட்டிய பட்டை.

கிரிசெல்டாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் கடையைப் பூட்டாமல் ஓடி வந்தாள். இருவரும் அகராதியைப் புரட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். மார்பு. கால். இளசு. ஈரமான. தனியாக இருந்தது. நெருங்கிப் பார்த்தேன். எல்லா மடலிலும், ஆபாச மடல்களில் வரும் அதே வார்த்தைகள்.

கிரிசெல்டா சிரிக்க ஆரம்பித்தவள், சுல்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “இதுல வடிகட்டி மேல தப்பு இல்லடி. நீ இங்கிலீஷ்ல வந்ததெல்லாம் தள்ளின. மார்புன்னு வந்ததெல்லாம் தள்ளின. அது உன்னைய மாதிரியே வெக்கப்பட்டிருக்கு.”

“அப்ப ஏப்ரல்ல நான் துடைச்சேனே?”

கிரிசெல்டா உதட்டைப் பிதுக்கினாள். அவை போனவை போனவைதான். அதில் யார் என்ன எழுதியிருந்தார்கள் என்று சுல்மாவுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

மிச்சம் இருந்தவற்றை இருவரும் கையால் பொறுக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘இது வேண்டும்’ என்ற பொத்தானை அமுக்கினார்கள். அரோல்டோவுக்கு ஆள் அனுப்பினார்கள். வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தார். மீன் பிடிக்கப் போனவர், நாயோடு நடக்கப் போனவர், பள்ளி ஆசிரியை என்று யார் யாரோ எழுதியிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு பறவையின் காலை உற்றுப் பார்த்து, எழுத்தைக் குறித்துக்கொண்டு, முகவரி தேடி, கண் காணாத ஊருக்கு எழுதியிருந்தார்கள். அதில் யாருக்கும் ஒரு பைசா லாபம் இல்லை.

கடைசியாகக் கிடைத்த மடலுக்குத் தலைப்பே இல்லை. வடகோடியில், ஹட்சன் விரிகுடாவின் வாயில் இருக்கும் ஒரு தீவிலிருந்து லூக்காசி என்பவர் எழுதியிருந்தார். மான் வேட்டைக்குப் போன இடத்தில், கற்களுக்கு நடுவே ஒரு பறவை அசையாமல் உட்கார்ந்திருந்ததாம். மிதித்துவிடப் பார்த்தாராம். குனிந்து கையைப் பக்கத்தில் கொண்டுபோனார். பறக்கவில்லை. அடியில் முட்டைகள். காலில் ஆரஞ்சுப் பட்டை. ‘இது உங்களுடையது என்று நினைக்கிறேன். நான் சுற்றி நடந்து போய்விட்டேன்’ என்று முடித்திருந்தார்.

அரோல்டோ எழுத்தைச் சரிபார்த்தார். இதே கரையில், இதே மார்ச்சில் பட்டை மாட்டிய பறவைதான்.

“நான் கையில வச்சிருந்ததா?” என்று கேட்டாள் சுல்மா.

ஆமாம் என்று சொல்லிவிட அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. “இல்ல, டோன்யா சுல்மா. இது வேற. ஆனா அதே வலையில, அதே நாள் பிடிச்சது.”

சுல்மா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கனமில்லாத உடம்பு. அது கடலையும் காட்டையும் தாண்டி, பனி உருகும் கல்தரையில் போய் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒரு மனிதன் அதைக் கண்டு குனிந்திருக்கிறான். அவன் எழுதிய நாலு வரி அத்தனை தூரமும் திரும்பி வந்து, அவள் கண் முன்னால் ஒரு பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. அவளுக்கு எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது. எழுந்து நின்றாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரங்களில் எல்லோருக்கும் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள். குப்பைப் பெட்டியைத் தினமும் ஒரு முறை கிளறிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டாள். கிளற வேண்டிய தேவை மெல்லக் குறைந்தது. அவள் இதுவரை கண்டிராத யாரோ ஒருவர் எழுதிய மடல், மார்பும் காலுமாகவே இருந்தும், ஒரு காலையில் நேராக நல்ல பெட்டிக்கு வந்து நின்றது. அதற்குப் பின்னால் வந்த ஆபாச மடல் பிசகாமல் குப்பைக்குப் போயிருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒன்றுமே தெரியாத ஒரு பொருள், வெறுமனே எண்ணி எண்ணி, பறவையின் மார்புக்கும் மற்றதற்கும் வித்தியாசம் கண்டுபிடித்திருந்தது. திரையை விரலால் தொட்டுப் பார்த்தாள், அங்கே யாராவது இருப்பது போல.

லூக்காசியிடமிருந்து பதில் வந்தது. உங்கள் ஊரில் இந்தப் பறவைகள் என்ன சாப்பிடும் என்று கேட்டிருந்தார்.

கடல் உள்வாங்கிய நேரம் பார்த்து ஓஸ்மாரை இழுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். பாறையில் அப்பியிருந்த சிப்பிகளைக் கத்தியால் பெயர்த்தார்கள். விரல் நகத்தைவிடச் சிறியவை. தன் கட்டை விரலுக்குப் பக்கத்தில் வைத்து, காற்றில் கை நடுங்காமல் படம் எடுக்கச் சொன்னாள்.

“சிப்பிய யாருக்குப் போட்டோ அனுப்புற, கிழவி?”

“பனிக்கட்டி ஊர்ல ஒருத்தருக்கு.”

அனுப்பிய பிறகு பதிலுக்குக் காத்திருந்தாள். அங்கேயும் ஒரு வடிகட்டி இருந்து, அது இவளைத் தள்ளிவிட்டால்? ஆனால் படம் போய்ச் சேர்ந்திருந்தது. லூக்காசி ஒரே வரிதான் எழுதியிருந்தார்: ‘இவ்வளவு சிறியதைத் தின்றுவிட்டா இவ்வளவு தூரம் வருகிறது?’

சுல்மாவுக்கும் அதுதான் புரியவில்லை. அப்படியே எழுதி அனுப்பினாள்.