மகனின் போனுக்கு வந்த ஓடிபி

மலேசியாவின் கோத்தா திங்கியில், எங்கள் தாமான் குடியிருப்பில் அரசாங்கச் செயலியைத் திட்டாத ஆளே கிடையாது. பாஸ்வர்ட் மறந்துவிட்டது என்பார்கள், லைன் இல்லை என்பார்கள், கவுண்டரில் போய் நின்ற காலமே தேவலை என்பார்கள். நான் மட்டும் திட்டியதில்லை. எனக்கு அதில் ஒரு லாபம் இருந்தது.

கணவர் காலமான பிறகு, யார் போன் நம்பர் கேட்டாலும் மகனுடையதைக் கொடுப்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் வழக்கம். படித்த பிள்ளை, பார்த்துக்கொள்வான். செயலியில் பதிந்தபோதும் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகனின் நம்பரையே கொடுத்தேன். கிளினிக்கில் மருந்துக்குத் தேதி எடுப்பதோ, வெள்ள உதவிக்கு விண்ணப்பிப்பதோ, எதுவானாலும் உள்ளே நுழையக் கேட்கும் ஓடிபி அவன் போனுக்குப் போய்விடும். நான் அவனைக் கூப்பிட்டே ஆகவேண்டும். பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான்.

"அம்மா, வேலையில இருக்கேன்லா. சீக்கிரம் எழுதிக்கோங்க."

நானா சீக்கிரம் எழுதுவேன்? பேனா எழுதவில்லை என்பேன், கண்ணாடியைக் காணோம் என்பேன். அந்த இடைவெளியில், "சாப்டியாப்பா? இருமல் நின்னுச்சா?" என்று கேட்டுவிடுவேன். நேரம் கடந்து அந்த எண் செல்லாமல் போனால் இன்னும் நல்லது, மறுபடி பேசலாம். கள்ளத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். சும்மா கூப்பிட்டால் அவன் எடுக்க மாட்டான். ஓடிபி என்றால் எடுப்பான்.

தீபாவளிக்கு வந்தவன், முறுக்கைக் கடித்துக்கொண்டே என் போனை வாங்கி எதையெதையோ தட்டினான்.

"உங்க நம்பருக்கே மாத்திட்டேன்மா. இனிமே நீங்களே பண்ணிக்கலாம். யாரையும் கேக்க வேணாம்."

பெரிய உபகாரம் செய்த முகம். "நல்லதுப்பா" என்றேன்.

அடுத்த முறை கிளினிக் தேதி எடுக்க உட்கார்ந்தேன். எண் என் போனுக்கே வந்தது. தட்டினேன், தேதி கிடைத்தது. வேலை அவ்வளவு சீக்கிரம் முடிந்ததில் எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டில் விசிறி சுற்றும் சத்தம் மட்டும் இருந்தது. பொறுக்க முடியாமல் அவனைக் கூப்பிட்டேன். பழக்கத்தில் எடுத்துவிட்டான்.

"என்னம்மா, நம்பர் வரலியா?"

"வந்துருச்சுப்பா. தேதியும் எடுத்துட்டேன்."

"அப்புறம் எதுக்கும்மா கூப்டீங்க?"

உன் குரலைக் கேட்கத்தான் என்று சொல்லியிருக்கலாம். "தெரியாம கைபட்டுருச்சுப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.