கீபோர்டுக்கு வைத்த சந்தனம்

நேற்று அலுவலகத்தில் ஆயுத பூஜை. என் லேப்டாப்புக்குப் பொட்டு வைக்கச் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள். விரலைத் தோய்த்தவள், வாசனை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். உங்களுக்குச் சந்தனம் என்றால் கோயில் நினைவு வரலாம். எனக்கு வருவது கெட்டுப்போன கீபோர்டு.

படிப்பு முடித்த புதிதில் காரைக்குடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். இரண்டு கம்ப்யூட்டர், நான், மல்லிகா. அவளுக்கும் என் வயதுதான். ஆனால் ஒரு பொருள் மக்கர் செய்தால் அதன் மேல் கோபப்படாத மனுஷியை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். நானோ மிக்ஸி நின்றால் ஓங்கித் தட்டுகிற ஆள்.

அந்த வருஷம் பூஜைக்குப் பொட்டு வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மானிட்டருக்கு ஒன்று வைத்தால் போதும்தான். சோறு போடுகிற எழுத்துகளாயிற்றே என்று ஒவ்வொரு பட்டனுக்கும் வைத்தேன். பன்னீர் விட்டு நன்றாகக் குழைத்து, இரண்டு கீபோர்டிலும்.

விடுமுறை முடிந்து கடை திறந்த அன்று, மானகிரியிலிருந்து செல்வி என்ற பெண் வந்தார். நர்சிங் முடித்தவர். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க மாலை ஐந்து மணியோடு கடைசி. அடுத்த முறை வயது தாண்டிவிடும். அவர் பெயரின் முதல் எழுத்தான 'எஸ்' முதலில் விழவே இல்லை. ஓங்கி அழுத்தினால் வரிசையாக நிற்காமல் ஓடியது. அடுத்த கீபோர்டில் வேறு இரண்டு எழுத்து வரவில்லை. மற்ற கடைகளிலோ கூட்டம் தெருவரை நின்றது.

வைரஸாக இருக்கும் என்றேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி. மல்லிகா வயரைப் பிடுங்கிச் சொருகினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். இரண்டு கீபோர்டும் ஒரே நாளில் கெட்டிருந்தால் நாம்தான் ஏதோ பண்ணியிருக்கிறோம் என்றாள். பிறகு ஒன்றைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள்.

"ஏன்டி, எழுத்துக்கு எழுத்து அபிஷேகமா பண்ணுன?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் திட்டவில்லை. எழுத்து வரிசையைத் தாளில் எழுதிக்கொண்டு, தலையிலிருந்த ஊசியால் பட்டன்களை ஒவ்வொன்றாக நெம்பினாள். அடியில் சந்தனம் காரைபோல அப்பிக் கிடந்தது. தண்ணீர் எடுக்கப் போன என்னைச் செல்வி தடுத்தார்.

"தண்ணி வேணாம். ஸ்பிரிட்டுல தொடச்சீகன்னா சட்டுனு காஞ்சிரும்."

எதிர் மருந்துக்கடைக்கு ஓடினேன். நாலரை மணிக்கு, மல்லிகா செல்வியையே அடித்துப் பார்க்கச் சொன்னாள். 'எஸ்' ஒன்றே ஒன்று, அழகாக விழுந்தது. ஐந்துக்குள் விண்ணப்பம் போய்விட்டது. சாயங்காலம் ஸ்பிரிட் வாசனை ஏனென்று முதலாளி கேட்டதற்கு, "தூசிண்ணே, தொடச்சோம்" என்றாள் மல்லிகா. அவ்வளவுதான்.

செல்விக்கு வேலை கிடைத்தது. அடுத்த பூஜைக்கு மல்லிகா கீபோர்டுகளைப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி என் முன் வைத்தாள். ஆசை தீர வைக்கச் சொன்னாள்.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். விண்ணப்பமெல்லாம் கைப்பேசியிலேயே போய்விடுகிறது. கீபோர்டு கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறோம். கல்யாணமாகிப் போன மல்லிகாவின் நம்பரும் மாறிவிட்டது. நேற்று லேப்டாப்பை மூடி, மேலே ஒரே ஒரு பொட்டு வைத்தேன். பரவாயில்லையே என்று சொல்லத்தான் அவள் பக்கத்தில் இல்லை.