திறப்பு என்றார் அப்பா

ஒஸ்லோவில் தமிழர் விழாக்களில் அப்பா ஜக்கெட்டுகளுக்குக் காவல் நிற்பவர். அது ஒரு பதவி அல்ல. யாரும் அவரை நியமிக்கவில்லை.

குளிர்காலத்தில் விழா என்றால் எத்தனை பேரோ அத்தனை தடித்த குளிர் ஜக்கெட். பெரும்பாலும் கறுப்பு. விளையாட்டு மண்டபத்தின் நடைவழியில் முதலில் கொளுவிகளில் தொங்கும். பிறகு ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கும். கடைசியில் நிலத்தில் குவியும். யாராவது மற்றவருடையதைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். அவரோடு பொக்கற்றில் கிடந்த வீட்டுச் சாவியும் போய்விடும்; நாங்கள் திறப்பு என்போம். இப்படி இரண்டு குடும்பங்கள் பனிக்குள் நின்று சண்டை பிடித்த ஒரு வருடம், அப்பா கதவோரம் கதிரை ஒன்றைப் போட்டு உட்கார்ந்தார். பிறகு அது அவருடைய இடமாயிற்று. நான் மேடையில் ஆடிய எதையும் அவர் பார்த்ததில்லை. நடைவழியில் இருந்து பாட்டைக் கேட்டிருக்கிறார்.

பெயர் சற்குணம். ஊர் திருகோணமலை. 1986இல் நோர்வேயின் வடகோடியில் உள்ள ஹம்மர்பெஸ்டுக்கு வந்து மீன் ஆலையில் வேலை செய்தார். அங்கே பாக்கியராசா மாமாவும் அவரும் ஒரே அறை. ஒருவருக்குப் பகல் வேலை, மற்றவருக்கு இரவு வேலை. இருவருக்கும் சேர்த்து ஒரு சோடி நல்ல பனிச்சப்பாத்து. வேலை முடிந்து வருகிறவர் வாசலில் கழற்ற, போகிறவர் சூடு ஆறமுன் போட்டுக்கொள்வார். பின்னர் இருவரும் ஒஸ்லோ வந்தார்கள். நகரின் ஓரம் குரோருட்டில் அடுத்தடுத்த கட்டடங்களில் வீடு. அப்பாவுக்கு ரயில் பெட்டிகள் கழுவும் வேலை. ஓய்வு பெறும்வரை அதுதான்.

2003 பொங்கல் விழா. கொளுவி ஒன்று கழன்று ஜக்கெட்டுகள் விழுந்தன. அப்பா ஒவ்வொன்றாகத் தூக்கி மாட்டினார். ஒன்று பாரமாக இருந்தது. உள்பொக்கற்றில் ஒரு கைத்துப்பாக்கி.

அது பாக்கியராசா மாமாவின் மகன் சுரேனுடைய ஜக்கெட். அந்தச் சிவப்பு ஜக்கெட்டை அப்பாவுக்கு நன்றாகத் தெரியும்.

நோர்வேயில் கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியும். சுடும் கழகத்தில் சேர்ந்து, பொலிஸ் அனுமதி பெற வேண்டும். கழகத்துக்குக் கொண்டுபோகும்போது குண்டு இருக்கக் கூடாது, மூடிய பைக்குள் இருக்க வேண்டும். உடுப்புக்குள் மறைத்துக்கொண்டு விளையாட்டு மண்டபத்துக்கோ திரையரங்குக்கோ நீச்சல் தடாகத்துக்கோ போக யாருக்கும் அனுமதி இல்லை. இந்த நாட்டில் பொலிஸ்காரரே வழக்கமாக இடுப்பில் துப்பாக்கி இல்லாமல்தான் நடக்கிறார். சுரேனிடம் எந்த அனுமதியும் இல்லை. வயது இருபது.

அப்பா சமையலறைக்குப் போனார். பாக்கியராசா மாமா பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்தார்.

"என்னடாப்பா, கதிரையை விட்டிட்டு வந்திட்டாய்? உடுப்பெல்லாம் களவு போகப்போகுது."

"அகப்பையை வைச்சிட்டு வா."

நடைவழிக்கு சுரேனையும் கூப்பிட்டார்கள். சுரேன் சிரித்தானாம்.

"ஸ்லாப் ஆவ், மாமா, பதறாதையுங்கோ. அது சும்மா வெருட்டத்தான்."

"ஆரை வெருட்ட?"

"சென்டரிலை நிக்கிற பெடியள். அவங்களோடை ஒரு கொழுவல். உள்ளை ஒண்டும் இல்லை, வெறும் இரும்பு."

பாக்கியராசா மாமா அவனை அறைந்தார். அவன் ஜக்கெட்டை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். துப்பாக்கி அப்பாவின் கையில்.

"பொலிசைக் கூப்பிடுவம்," என்றார் அப்பா.

"கூப்பிடு. நீல லைற் அடிச்சுக்கொண்டு வரட்டும். சின்னப் பிள்ளையள் ஆடுற நேரத்திலை வந்து நிக்கட்டும். எங்கடை பெடியனை நாங்களே காட்டிக் குடுக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

"அப்ப இதை என்ன செய்யிறது?"

"நீ வைச்சிரு. நாளைக்குக் கொண்டுபோய்க் குடு. கண்டெடுத்தனான் எண்டு சொல்லு. அவன்ரை பேர் மட்டும் வேண்டாம், சற்குணம். உன்ரை காலைப் பிடிக்கிறன்."

"காலை விடு. பேர் வராது."

அப்பா துப்பாக்கியைத் தன் ஜக்கெட்டின் பொக்கற்றில் போட்டுக்கொண்டு மறுபடியும் கதிரையில் உட்கார்ந்தார். ஒரு ஆபத்தை எடுத்து ஒழுங்காக வைத்திருக்கிறேன் என்று அவர் நினைத்தார். சட்டம் அப்படிப் பார்க்காது. பொது மண்டபத்தில் துப்பாக்கி யாருடைய உடம்பில் இருந்தது என்றுதான் முதலில் கேட்கும். அந்தக் கணத்தில் இருந்து அது என் அப்பாவின் உடம்பில் இருந்தது.

பாக்கியராசா மாமாவின் கடைசி மகள் கஜேந்தினிக்கு அப்போது ஐந்து வயது. ஆடி முடித்துவிட்டு, காலில் சலங்கையோடு ஓடிவந்து அப்பாவின் மடியில் ஏறினாள். எல்லா விழாவிலும் அவள் தூங்கும் இடம் அது.

"மாமா, பொக்கற்றுக்குள்ளை என்ன? குத்துது."

"திறப்பு," என்றார் அப்பா.

அவள் முழங்காலால் அதை ஒருபக்கம் தள்ளிவிட்டுத் தூங்கிப்போனாள். விழா முடியும்வரை அப்பா அசையவில்லை.

நான் அப்போது துரொண்ட்ஹைமில் பொறியியல் கடைசி வருடம். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அடுத்தநாள் காலையில் அப்பா எல்லாவற்றையும் சொன்னார்.

"ரஞ்சினி, என்னோடை பொலிசுக்கு வா. மீனைப் பற்றிக் கதைக்க எண்டால் என்ரை நோர்ஸ்க் பாசை காணும். இதுக்குக் காணாது."

துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்திருந்தார். ரயிலில் உட்காரவில்லை. ஒருவரும் நெருங்காத மூலையில், பையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார்.

பொலிஸ் பெண் இளவயது. அப்பா வணக்கம் சொன்னதுமே சிரித்தார். "வடக்கில் இருந்தவரா?" அப்பாவின் நோர்வேஜியன் ஹம்மர்பெஸ்ட் நோர்வேஜியன். வழக்கமாக அப்படி யாராவது கேட்டால் அவர் பெருமையோடு நிமிர்ந்து உட்காருவார். அன்று இல்லை.

யாருடையது என்று கேட்டார் அந்தப் பெண்.

"தெரியாது எண்டு சொல்லு," என்றார் அப்பா. நான் சொன்னேன்.

"தெரியாது என்றால், எனக்குத் தெரிந்தவரை இதைப் பொது இடத்தில் வைத்திருந்தவர் நீங்கள் ஒருவர்தான். புரிகிறதா?"

நான் மொழிபெயர்த்தேன். அப்பா தலையாட்டினார். "ஓம். அப்பிடியே எழுதச் சொல்லு."

அவர் தயாராகத்தான் வந்திருந்தார். பழி தன்னோடு போகட்டும் என்று.

அந்தப் பெண் கையுறை போட்டுக்கொண்டு குண்டு அடைக்கும் மகசினைக் கழற்றினார். பிறகு மேற்பகுதியைப் பின்னால் இழுத்தார். உள்ளிருந்து ஒரு குண்டு துள்ளி மேசையில் விழுந்து, உருண்டு, அப்பாவின் பக்கம் வந்து நின்றது.

அப்பா என்னிடம் கேட்டார். "அது எங்கை இருந்தது?"

"குழாய்க்குள்ளை. சுடுற மாதிரி."

"ஆரும் முழங்காலாலை அமத்தியிருந்தா?"

நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவர் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தார். பாதுகாப்புப் பூட்டு போடப்படவில்லை என்றார்.

அப்பா அந்தக் குண்டைப் பார்த்தார். பிறகு எனக்காகக் காத்திராமல், தன் மீன் ஆலை நோர்வேஜியனில், சுரேனின் பெயரைச் சொன்னார். தகப்பனின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் சொன்னார்.

வெளியே வந்ததும் சொன்னார்: "ஒண்டில் அவன் பொய் சொன்னவன். இல்லாட்டில் உள்ளை இருக்கிறது அவனுக்கே தெரியாது. எதெண்டாலும் அவனிட்டை அது இருக்கேலாது."

கொஞ்சத் தூரம் நடந்து, "பாக்கியத்துக்கு நான் என்ன சொல்லுவன்?" என்றார்.

சுரேன் சில மாதங்கள் சிறையில் இருந்தான். அப்பாவுக்கு அரச வழக்குத் தொடுநரிடம் இருந்து முடிவு வந்தது. நான் வாசித்துக் காட்டினேன். குற்றம் செய்தது உறுதி. ஆனால் வழக்குத் தொடரவில்லை.

"அப்ப நான் குற்றவாளியோ, இல்லையோ?"

"குற்றவாளி, அப்பா. ஆனா தண்டனை இல்லை."

"அது சரி," என்றார். நியாயமான அளவு எடுத்துத் தைத்த உடுப்பைப் போட்டுப் பார்த்தவர் மாதிரி.

அடுத்த விழாவில் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் கொளுவிகள் பாதி வெறுமையாக இருந்தன. ஆட்கள் ஜக்கெட்டைக் கையோடு உள்ளே கொண்டுபோனார்கள். "சற்குணத்தார் ஜக்கெட் மட்டும் பாக்கிறேல்லை, பொக்கற்றும் பாப்பார்," என்று ஒருவர் சொல்ல, கூட நின்றவர்கள் சிரித்தார்கள். இன்னொருவர் காட்டிக்குடுத்தவன் என்றார். எங்கள் ஊரில் போர்க்காலத்தில் அந்தச் சொல் ஒட்டியவர்கள் பலர் உயிர் தப்பவில்லை. அதற்குப் பிறகு அப்பா விழாக்களுக்குப் போகவில்லை.

பாக்கியராசா மாமா ஒஸ்லோவிலேயே ட்வெய்ட்டா என்ற பகுதிக்கு வீடு மாறினார். ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்பா தொலைபேசி எடுப்பார். குரலைக் கேட்டதும் மறுமுனை வைக்கப்படும்.

"கஜேந்தினி மடியிலை படுத்திருந்தவள் எண்டு சொல்லுங்கோவன், அப்பா. விளங்கிக்கொள்ளுவார்."

"சொல்லேலாது. என்னைக் காப்பாத்த அவன்ரை பிள்ளையை முன்னுக்கு விடுறன் எண்டு நினைப்பான். துவக்கை அவளுக்குக் கீழை வைச்சிருந்தது சுரேன் இல்லை. நான்."

2005இல் எனக்கு மகன் பிறந்தான். கணவர் ராகவன் தமிழ்நாடு, மதுரைக்காரர். குழந்தையை அப்பாவிடம் நீட்டியபோது அவர் கையை நீட்டவில்லை. முதலில் எழுந்து பொக்கற்றுகளைக் காலி செய்தார். திறப்பு, கண்ணாடி, சில்லறை, கைக்குட்டை. எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு, வெறும் பொக்கற்றை வெளியே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். "மாமா ஏர்போர்ட்ல நிக்கிற மாதிரி பண்றார்," என்றார் ராகவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். மகன் நடக்கத் தொடங்கியபின் அவனும் தன் பொக்கற்றைக் காலி செய்யப் பழகினான். அம்மப்பாவின் மடியில் ஏறுவதற்கு அது முறை என்று நினைத்தான்.

சென்ற மாதம் அப்பா இறந்தார். இதயம். நான் துரொண்ட்ஹைமில் இருந்தேன். விமானம் பிடித்து வரமுன் முடிந்துவிட்டது.

தகனச்சாலை மண்டபத்தில் பாக்கியராசா மாமா கடைசி வரிசையில் நின்றார். ஜக்கெட்டைக் கழற்றவில்லை. பக்கத்தில் கஜேந்தினி, இப்போது தகப்பனின் தோளுயரம்.

பேரப்பிள்ளை பந்தம் பிடிக்க வேண்டும். இங்கே தீப்பந்தத்துக்கு அனுமதி இல்லை, சிறிய மெழுகுவர்த்திதான். ஐயர் மகனைக் கூப்பிட்டார். அவன் பெட்டியை நோக்கி ஓடினான். பாதியில் நின்றான். திரும்பிப் பின்வரிசை வாங்குப் பலகைக்கு வந்து, பொக்கற்றில் இருந்ததை எல்லாம் எடுத்து வைத்தான். ஒரு விளையாட்டுக் கார், ஒரு மிட்டாய்த் தாள், ஒற்றைக் கையுறை. அவன் பின்னால் வந்த நான் பாக்கியராசா மாமாவுக்குப் பக்கத்தில் நிற்க, அவன் போய் மெழுகுவர்த்தியை வாங்கினான்.

"என்ன செய்யிறான் பிள்ளை?" என்று பாக்கியராசா மாமா கேட்டார். ஆறு வருடங்களுக்குப் பிறகு எங்கள் வீட்டாரோடு அவர் பேசிய முதல் வார்த்தை.

"அப்பாவிட்டைப் பழகினவன், மாமா. பொக்கற்றைக் காலி செய்யாமல் அப்பா பிள்ளையளைத் தூக்கிறேல்லை."

"எப்ப தொடக்கம்?"

அப்பா சொல்லாததை நான் சொன்னேன். கதிரை, மடி, சலங்கை, குழாய்க்குள் இருந்த குண்டு. குத்துது என்று அவள் கேட்டது. அவர் திறப்பு என்றது. நான் சொன்னது சரியோ தெரியவில்லை. அப்பா விரும்பியிருக்க மாட்டார்.

மாமா கஜேந்தினியைப் பார்த்தார். அவளுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

மாமா குனிந்து, வாங்கில் இருந்த காரையும் தாளையும் கையுறையையும் எடுத்தார். கிரியை முடியும்வரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றார். மகன் திரும்பி வந்து கை நீட்டியபோது, ஒன்று ஒன்றாகக் கொடுத்தார்.